நடுவிலிருந்து ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் அது காதில் விழ வேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தால் அது படிப்பில் சேராது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் சாமி முன்னால் உட்கார்ந்து பாராயணம் பண்ணுகிற படிப்புதான். கல்யாணமாகி திருவண்ணாமலைக்கு வந்ததிலிருந்து, சாயங்காலம் விளக்கேற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரு ஸ்தோத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்ன பிறகுதான் உலை வைப்பேன். அதற்கு ஒரு நியமம் உண்டு. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. பால் பொங்கினாலும் சரி, வாசலில் யாராவது கூப்பிட்டாலும் சரி, வாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தப்பு வந்தால் திரும்பிப் போய்த் திருத்தக் கூடாது. முடிக்காமல் புத்தகத்தை மூடுவது, சாமியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடுவது மாதிரி என்று என் மாமியார் சொல்லியிருந்தார். நானும் அப்படியே நம்பினேன்.

எனக்கு ஒரே பெண். அவளையும் அப்படித்தான் படிக்கப் பழக்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம் கழுவி, விபூதி வைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருவாள். தலைப்பில் ஆரம்பித்தால் பாடத்தின் கடைசி வரியில்தான் நிற்பாள். நல்ல குரல் அவளுக்கு. அறிவியல் பாடத்தைக்கூட ராகம் போட்டுப் படிப்பாள். குழாயடிக்குப் போகிற பெண்கள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே குடத்தோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்துப் போர்ஷனில் இருந்த அக்கா தன் மகனை அடிக்கும்போதெல்லாம், "அங்க கேளுடா, பொட்டப்புள்ள எப்டி படிக்குது! உன் வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று சொல்லிச் சொல்லித்தான் அடிப்பார். அந்தப் பையன் பாவம். ஆனாலும் எனக்குக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பாடம் எல்லாவற்றையும் அவள் திரும்பத் திரும்ப அப்படிப் படித்து முடித்திருந்தாள். எந்தப் பக்கத்தில் என்ன படம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கே சில வரிகள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. மாவாட்டும்போது இதயத்தைப் பற்றிய பாடம் பாட்டு மாதிரி என் வாயில் வரும். அர்த்தம் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பத்தாவது ரிசல்ட் செய்தித்தாளில் வெறும் நம்பராக வரும். நம்பர் இருந்தால் பாஸ். என் வீட்டுக்காரர் வேலூர் ரூட்டில் பஸ் கண்டக்டர். அன்றைக்கு ட்யூட்டி முடிந்து பேப்பரோடுதான் வந்தார். அதை மகளிடம் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். அவள் நம்பருக்கு முன் நம்பர் இருந்தது. பின் நம்பரும் இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தேய்த்தால் அங்கே ஏதாவது எழுத்து கிளம்பி வரும் என்று நினைத்தவள் போல.

மார்க் ஷீட் வந்ததும் தெரிந்தது, அறிவியலும் வரலாறும் போய்விட்டன. தமிழும் கணக்கும் தப்பித்திருந்தன. இங்கிலீஷ் எப்படியோ.

சேதி கேட்டு போளூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மனசில் வஞ்சகம் இல்லாதவர். வாயில்தான் கத்தரிக்கோல்.

"இன்னாடா தம்பி, தெருவுக்கே கேக்கற மாதிரி படிச்சா. பரிச்ச பேப்பருக்கு மட்டும் கேக்கலியாமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு காபியை ஆற்றினார்.

"நான் சொல்றத கேளு. எம்புள்ளைக்கு ரேஷன் கடையில வேலை ஆயிடுச்சி. இவள குடு. நான் கொழந்தையில இருந்து பாத்த பொண்ணு. எங்க ஊட்ல வந்து இதயத்துக்கு எத்தன அறைன்னா சொல்லப் போறா? சோத்துக்கு எவ்ளோ தண்ணி வெக்கறதுன்னு தெரிஞ்சா போதும்."

"அக்டோபர்ல ஒரு தடவ எழுதட்டும்க்கா," என்றார் அவர். "அதுலயும் போச்சுன்னா தையில கல்யாணத்த வெச்சிக்கலாம். நான் பேச்சு மாற மாட்டேன்."

"மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

அண்ணி போன பிறகு மகள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அம்மா, அத்த பையன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா ஃபெயிலாகி வந்தவன்னு அந்த ஊட்டுக்குள்ள போக மாட்டேன். சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானாகூட அத்த அதத்தான் சொல்லும். எனக்கு ப்ளஸ் டூ முடிச்சி டீச்சர் ட்ரெயினிங் சேரணும்மா. மொதல்ல பாஸாவணும்."

"ஆயிடுவடி கண்ணு."

"எப்டி ஆவறது? இதுக்கு மேல எப்டிம்மா படிக்கறது? எனக்கு மண்ட கம்மி போல. சாமி அவ்ளோதான் குடுத்திருக்கு."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியற்காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றி வருகிறேன் என்று அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

அந்த முதல் திங்கட்கிழமை அவள் வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "நடந்துகிட்டே படிக்கறேன்மா, டைம் வேஸ்ட் ஆகாது."

நான் விடவில்லை. மலையைச் சுற்றி எட்டு லிங்கம் உண்டு, லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிட வேண்டும். கும்பிட இரண்டு கையும் வேண்டும். புத்தகத்தை அங்கங்கே தரையில் வைப்பாளா? சரஸ்வதி இல்லையா அது? "வெச்சிட்டு வா. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, வாயால சொல்லிக்கிட்டு வா. சாமி பேரு மாதிரி அதுவும் ஒரு பாராயணம்," என்றேன்.

இந்திர லிங்கத்தையும் அக்னி லிங்கத்தையும் கும்பிட்டுவிட்டு நடந்தோம். பாதையில் அப்போது இவ்வளவு கூட்டமும் கடையும் கிடையாது. புளிய மரமும் மண் பாதையும்தான். செங்கம் ரோட்டில், ஆள் குறைந்த இடத்தில் அவள் ஆரம்பித்தாள். பிரெஞ்சுப் புரட்சி. ராகத்தோடு நாலைந்து வரி ஓடியது. அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது. மறுபடி தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. மாடு ஒரே இடத்தில் முரண்டு பிடிக்கிற மாதிரி. மூன்றாவது தரமும் அப்படியே ஆனதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"முழுசா வேணாம்டி. எதுக்காக அந்த சண்ட வந்துச்சு? அத மட்டும் சொல்லு."

"அது நடுவுல வரும்மா."

"நடுவுல வந்தா வரட்டுமே. சொல்லேன்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சொல்லு பாக்கலாம். தெனமும் வெளக்கு முன்னாடி சொல்றியே, அதுல இந்த மலையப் பத்தி ஒரு எடத்துல வருதில்ல? அந்த வரிய மட்டும் சொல்லு."

இது என்ன பெரிய கேள்வி என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! மலையைப் பார்த்துக் கும்பிட்ட கையை இறக்காமல் மனசுக்குள் முதல் வரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். பாதியில் மாட்டு வண்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டியது. விட்ட இடம் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து.

"மொதல்ல இருந்து சொன்னாத்தான்டி வரும்," என்றேன்.

அவள் பாதையில் அப்படியே நின்றுவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். "எனக்கும் அதேதாம்மா. பரிச்சையிலயும் இதேதான் ஆச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் மொத வரியில இருந்து மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருந்தேன். பெல் அடிச்சிட்டாங்க."

யம லிங்கத்தைப் பார்த்து நடந்தோம். எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் சாமிக்குச் சொல்வது சரிதான். சாமி நடுவில் மறித்து, இந்த வரிக்கு என்ன அர்த்தம், அந்த வரி எங்கே வருகிறது என்று கேட்கப் போவதில்லை. தப்பும் தவறுமாகச் சொன்னாலும் முழுசாக வாங்கிக்கொள்வார். ஆனால் பரீட்சைப் பேப்பர் சாமி இல்லையே. அது நடுவிலிருந்துதான் கேட்கும். அந்தப் பழக்கத்தை இந்தப் படிப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டோமே என்று தோன்றியது. குழந்தைக்கு மண்டை கம்மி இல்லை. அவள் அந்தப் பாடத்தை வாயால் தடவிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு இடத்திலும் நின்று, உள்ளே என்ன போயிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. பார்க்க நான் விட்டதும் இல்லை.

யம லிங்கத்தைக் கும்பிட்டு எழுந்ததும் அவளே சொன்னாள். "அம்மா, ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். அடுத்த லிங்கம் வரதுக்குள்ள பதில் சொல்லணும். ராகம் இல்லாம, பேசற மாதிரி."

"தெரியலன்னா?"

கொஞ்சம் யோசித்தாள். தாவணி முந்தியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். மறந்துபோகக் கூடாத எதற்கும் நாங்கள் அப்படி முடிச்சுப் போட்டுக்கொள்வது வழக்கம். "தெரியாததுக்கு ஒரு முடிச்சு. ஊட்டுக்குப் போய் புஸ்தகத்துல பாத்துட்டு அவுத்துடறேன்."

அன்றைக்கு அவள் தனக்குத்தானே கேட்டும் சொல்லியும் நடந்தாள். பாதி வழியில், அடி அண்ணாமலை கிராமத்தில் டீ குடிக்க உட்கார்ந்தபோதும் நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏன்? இல்ல, அது காரணம் இல்ல. அப்ப எது?" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "பாப்பாவுக்கு எத்தினி நாளா இப்டி கீது? கோயில்ல ஒரு மண்டலம் வெளக்கு போடுங்கம்மா, சரியாயிடும்." மகளுக்குக் காதில் விழுந்துவிட்டது. குடித்த டீ மூக்கில் ஏறச் சிரித்தாள். ரிசல்ட் வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தாவணி முந்தியில் முடிச்சு போட இடமில்லை.

அதிலிருந்து வீட்டிலும் அப்படியே செய்ய ஆரம்பித்தாள். ஒரு பத்தி படிப்பாள். புத்தகத்தை மூடுவாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். திறந்து சரிபார்ப்பாள். மூடுவாள். பாடம் பாதியில் இருக்கும்போது புத்தகம் மூடப்படுகிற ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு துணுக்கென்றது. கற்பூரம் காட்டும்போது சாமியிடம் சொல்லிக்கொண்டேன், "கொழந்த பாதியில மூடுறா, தப்பா எடுத்துக்காதப்பா, தொறக்கறதுக்குத்தான் மூடுறா" என்று.

நான் அவளுக்கு எந்த விதத்திலும் உதவ முடியாது. அவள் சொல்வது சரியா தப்பா என்றே எனக்குத் தெரியாது. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இதயத்துல இடது பக்கம் அசுத்த ரத்தம், வலது பக்கம் சுத்த ரத்தம்" என்று அடித்துச் சொன்னாள். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள், நான் தலையாட்டினேன். பிறகு புத்தகத்தைத் திறந்தவள் "ஐயய்யோ" என்று கத்தினாள். தலைகீழாகச் சொல்லியிருக்கிறாள். "இத எவ்ளோ தடவ படிச்சிருக்கேன்மா! பாட்டு மாதிரி படிச்சப்ப எது எந்தப் பக்கம்னு பாக்கவே இல்ல." அன்று முழுவதும் தன் நெஞ்சில் கை வைத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. அதுதான் பிரச்சினை ஆனது. குழாயடியில் கேட்டார்கள், "இன்னா, பொண்ணு படிப்ப நிறுத்திட்டீங்களா? சத்தத்தையே காணோம்." பக்கத்துப் போர்ஷன் அக்கா மட்டும் பரிதாபப்பட்டு, "விடும்மா, எல்லாருக்கும் படிப்பு வந்துடுதா?" என்றார். அவர் மகன் அப்போது மரத்தடியில் கோலி ஆடிக்கொண்டிருந்தான், நிம்மதியாக.

என் வீட்டுக்காரர் ட்யூட்டி முடிந்து வரும்போதெல்லாம் அவள் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் பார்த்தார். ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்.

"இவ இன்னா படிக்கறாளா, வேடிக்க பாக்கறாளா? அக்காவுக்கு வாக்கு குடுத்திருக்கேன். பரிச்சைக்குப் போற பொண்ணு மாதிரியா இருக்கு இது?"

"மனசுல படிக்கறாங்க."

"மனசுல! நானும் மனசுலயே டிக்கெட் கிழிக்கட்டுமா?"

அவர் பேசியதை நான் தாங்கிக்கொள்வேன். மகள் அன்றைக்கு என்னிடம் வந்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. தாவணி முந்தியை என் முன்னால் விரித்துக் காட்டினாள். முடிச்சு முடிச்சாக இருந்தது. "மொதல்ல எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சும்மா. நல்லாத் தூக்கம் வந்துச்சு. இப்ப கேக்கக் கேக்க ஒண்ணுமே தெரியலன்னுதான் தெரியுது. நேத்து அவுத்த முடிச்சே இன்னிக்கு மறுபடி விழுது. பயமா இருக்கும்மா."

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அக்டோபர் நெருங்கிவிட்டது. தெரிந்த வழியை விட்டுத் தெரியாத வழியில் குழந்தையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேனோ என்று இருந்தது. நியமத்தைக் குலைத்ததால்தான் இப்படி ஆகிறதோ என்றுகூட நினைத்தேன். "வேணாம்டி, பழையபடியே படி. அப்பாவும் சந்தோஷப்படுவாரு," என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் விபூதி வைத்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய ராகத்தில் ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே குடங்கள் நின்றன. என் வீட்டுக்காரர் ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டார். "இப்பதான் படிக்கற மாதிரி இருக்கு," என்றார். எனக்கும் மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. அவள் முகத்திலும் ஒரு தெளிச்சி. தண்ணீர் மாதிரி பாடம் ஓடியது. கடைசி வரி வந்தது. புத்தகத்தை மூடினாள்.

மூடியவள் எழுந்திருக்கவில்லை. பழக்கம் வந்துவிட்டதல்லவா. கண்ணை மூடிக்கொண்டு தன்னையே ஏதோ கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

"இப்பதாம்மா படிச்சேன். இப்பதான். கேட்டா ஒண்ணும் இல்ல. காலியா இருக்கு."

பிறகு அவளாகவே எழுந்து அப்பாவிடம் போனாள். அவரிடம் நேருக்கு நேர் பேசுகிற பெண் இல்லை அவள்.

"அப்பா, சந்தவாசல்ல ஏறி வேலூர் போனா டிக்கெட் எவ்ளோ?"

அவர் கண்ணைத் திறக்காமலே ரூபாயும் பைசாவும் சொன்னார்.

"கண்ணமங்கலத்துல ஏறி போளூர் வந்தா?"

சொன்னார். "இன்னாத்துக்கு கேக்கற?"

"கலசபாக்கத்துல ஏறி கண்ணமங்கலம்?"

அதையும் சொன்னார்.

"இதெல்லாம் எப்பப்பா மனப்பாடம் பண்ணீங்க?"

"எவன் மனப்பாடம் பண்ணான்? ஏறுறவன் கேக்கறான், சொல்றேன்."

"மொத மொதல்ல?"

"மொதல்ல ரேட்டு அட்டையப் பாத்துப் பாத்து கிழிச்சேன். அப்பறம் பாக்காம கிழிச்சிப் பாத்தேன். ஒரு தடவ கேளூர்ல ஏறுன கெழவிக்கு கம்மியாக் குடுக்க வேண்டியத ஜாஸ்தியாக் கிழிச்சிட்டேன். அந்தம்மா வேலூர் வரைக்கும் என்னைக் கிழிச்சிது. அப்பறம் அந்த ஸ்டேஜ் மறக்குமா?"

"நானும் அதாம்பா பண்றேன். பாக்காம கிழிச்சிக் கிழிச்சிப் பாக்கறேன். தப்பாத்தான் வருது. தப்பா வந்தது மறக்க மாட்டேங்குது. இந்த ராகம் போட்டுப் படிக்கறது, மொத ஸ்டேஜ்ல ஏறி கடைசி ஸ்டேஜ்ல எறங்கற ஆளுக்குத்தான் ஆவும். பரிச்சையில எல்லாரும் நடுவுலதாம்பா ஏறுறாங்க."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சரி சரி. சத்தம் போடாமயே படி. ஆனா அக்டோபர் அக்டோபர்தான். அத மாத்த மாட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவரும் சும்மா இருக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இடது கையால் அவள் புத்தகத்தை எங்காவது பிரித்து, கண்ணில் பட்டதைக் கேட்பார். "ம், ஏறு ஏறு, எங்க போவணும்?" என்பார். அவள் தெரியாமல் விழித்தால், "டிக்கெட் இல்லியா? எறங்கு, எறங்கு" என்பார். இரண்டு பேரும் அடிக்கிற கூத்தில் சோறு ஆறிப்போகும். முடிச்சுகள் குறைந்தன என்று சொல்ல மாட்டேன். பழைய முடிச்சு அவிழ்ந்த இடத்தில் புதிதாக விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து அவள் பயந்தது நின்றுபோனது. எது தெரியாது என்பது அவள் கைக்குள் இருந்தது.

எனக்கும் ஒரு வேலை ஆனது. விளக்கு முன்னால் ஸ்தோத்திரத்தை நியமப்படி முழுசாகச் சொல்லி முடித்த பிறகு, ஒரு வரியை மட்டும் எடுத்து இது என்ன சொல்கிறது என்று என்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். பல வரிகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கோயிலில் குருக்களிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு வரியில் சாமியிடம் எதுவும் வேண்டாம், கூட இருந்தால் போதும் என்று வருகிறதாம். அதைச் சொல்லி முடித்த கையோடு தினமும் எவ்வளவு கேட்டிருக்கிறேன் நான்! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இருந்தாலும் அக்டோபருக்காகக் கேட்பதை மட்டும் விடவில்லை.

பரீட்சை நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வாசலில் வேப்ப மரத்தடியில் குடையோடு நின்றிருந்தேன். அறிவியல் பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் என் குடைக்குள் நுழைந்ததும் சொன்னாள். "இதயத்துல எந்தப் பக்கத்து சுவரு தடிமன், ஏன்னு கேட்டிருந்தாங்கம்மா. பாடத்துல ஒரு மூலையில வரும். இடது பக்கம். அங்கேர்ந்துதான் ஒடம்பு முழுக்க ரத்தத்த தள்ளணும். அன்னிக்கு தப்பா சொன்னேனே, அதனாலயே எழுதிட்டேன்."

வரலாறு முடிந்த அன்று அவள் அவ்வளவு வேகமாக வரவில்லை. மெதுவாகத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், "எப்டி எழுதுன?"

மார்ச்சில் இதே கேள்விக்கு அவள், "நல்லா எழுதியிருக்கேம்பா" என்று சொன்னாள். அப்போது அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு பெரிய கேள்வி சுத்தமாத் தெரியலப்பா. விட்டுட்டேன். இன்னொண்ணு பாதிதான் எழுதினேன். மத்தது எல்லாம் எழுதியிருக்கேன். பெரிய மார்க் வராது. பாஸ் ஆயிடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பேப்பரில் நம்பர் வர இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. ஆனால் எனக்கு அன்றே மனசு நிம்மதியாகிவிட்டது. தான் எங்கே இருக்கிறோம் என்று குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்து, வெளியூர்க் கூட்டமெல்லாம் போய், ஊர் வெறிச்சென்று இருந்த சமயத்தில் ரிசல்ட் வந்தது. காலையில் எங்களுக்குப் பேப்பர் கிடைக்கவில்லை. அவர் ட்யூட்டிக்குப் போய்விட்டார். மத்தியானம் கடந்து வந்தவர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். போளூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கி அங்கேயே பார்த்திருக்கிறார். நம்பர் இருந்திருக்கிறது. ஜனங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, இறங்கி நேராக அக்கா வீட்டுக்கு நடந்திருக்கிறார். பின்னால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம்.

"அத்த இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள் மகள்.

"நான் போய், 'அக்கா, பொண்ணு பாஸு. வர்ற ஜூன்ல பதினொண்ணு சேக்கப் போறேன், தையில கல்யாணம் இல்ல'ன்னேன். அக்கா ஒலக்கைய கீழ வெச்சிட்டு, 'ஏன்டா, ஃபெயிலான பொண்ணத்தான் எங்களுக்குக் குடுப்பியா? பாஸான பொண்ணுன்னா குடுக்க மாட்டியா? படிச்சி முடிக்கட்டும்டா, நாங்க வேணா வெயிட் பண்றோம்'ங்குது!"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"'அத அவளத்தான் கேக்கணும்க்கா'ன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். அதுக்குள்ள பஸ் நகர ஆரம்பிச்சிடுச்சி."

மகள் சிரித்தாள். பேப்பரை வாங்கி நம்பரைப் பார்க்கக்கூட அவள் அவசரப்படவில்லை. அவருக்குத் தட்டை எடுத்து வைத்தாள், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்த வந்து கேக்கட்டும்பா," என்றாள். "நானே பதில் சொல்லிக்கறேன்."